கையெழுத்துக்காகக் காத்திருந்த தண்ணீர்ப் பம்பு

வெள்ளம் வடிந்து நான்காம் நாள் மூதூரிலிருந்து எங்கள் கள உத்தியோகத்தர் தம்பி தொலைபேசி எடுத்தார். "பம்புக்கு அனுப்பின போர்ம் என்ன மாதிரி அக்கா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் படிவம் உவர்மலையில் உள்ள எங்கள் அலுவலகத்தில், இணைப்பாளரின் மேசைத் தட்டில், வேறு ஏழெட்டுத் தாள்களுக்குக் கீழே கிடந்தது. அங்கே வைத்ததே நான்தான். இணைப்பாளர் சேர் கொழும்பில் கூட்டத்தில் இருந்தார்.

மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலோடு சேரும் பக்கம் அது. வடகீழ்ப் பருவமழை கொஞ்சம் கூடினாலே வயலும் வளவும் தண்ணீருக்குள் போய்விடும். வெள்ளம் இறங்கிய கிணற்றை இறைத்து, கழுவி, குளோரின் போடும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. வாடகைப் பம்பு ஊரிலேயே இருந்தது. இறைக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். திட்டத்தில் காசும் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் இல்லை. நான்கு நாளும் அந்த வீட்டுப் பெண்கள் பவுசர் வரும் வரை வீதியில் வாளியோடு நின்றார்கள். அன்று பின்னேரம் தொலைபேசியிலேயே சேரிடம் கேட்டு வேலையைத் தொடங்கிவிட்டோம். ஆனால் அந்த நான்கு நாட்கள் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

நான் அங்கே நிர்வாகமும் கொள்வனவும் பார்ப்பவள். கணினித் துறை படித்தவள் அல்ல. எங்களுடையது சிறிய தொண்டு நிறுவனம். திருகோணமலை நகரத்தில் தலைமை அலுவலகம், மூதூரிலும் குச்சவெளியிலும் இரண்டு கிளைகள், மொத்தம் 23 பேர். மீனவர் குடும்பங்களின் வாழ்வாதாரம், கிணறு, மலசலகூடம் இவைதான் வேலை. குச்சவெளி இங்கிருந்து புல்மோட்டை வீதியில் 30 கிலோமீட்டருக்கு மேல். மூதூருக்குக் கிண்ணியா வழியாகப் போக வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கக் கடிதம் லோஞ்சிலோ பாதைப் படகிலோதான் வரும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பாலம் வந்து இத்தனை வருடமான பிறகும் எங்கள் தாள்கள் வாகனம் எப்போது போகும் என்று காத்துக்கொண்டிருந்தன.

கொரோனாக் காலத்திலிருந்து எங்களிடம் மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் இருந்தது. கூட்டம் நடத்த மட்டும் பயன்படுத்தினோம். அதற்குள் 'அப்ரூவல்ஸ்' (அனுமதிகள்) என்ற பகுதி இருப்பதைத் தற்செயலாகத்தான் கண்டேன். தலைப்பு எழுதி, யாரிடம் அனுமதி வேண்டும் என்று தெரிவுசெய்து, விலைக்கோரலைப் படம் எடுத்து இணைத்து அனுப்பினால், மற்றவரின் தொலைபேசியில் இரண்டு பொத்தான்களோடு போய் நிற்கும். அடுத்த நாளே எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமை நன்றாக ஓடியது.

அதன் பிறகுதான் குறை தெரிந்தது. யாரிடம் அனுப்புவது என்பதைக் கேட்பவரே தீர்மானிக்கிறார். ஒருவர் நேராகப் பணிப்பாளருக்கு அனுப்பினார், இன்னொருவர் யார் சீக்கிரம் பதில் தருவாரோ அவருக்கு அனுப்பினார். மாத முடிவில் எல்லாவற்றையும் ஒரே பதிவாக எடுத்துக் கணக்காய்வாளருக்குக் காட்டவும் எங்களுக்கு வழி தெரியவில்லை. இரண்டு மூன்று பேர் உள்ள இடத்துக்கு அது தாராளமாகப் போதும். எங்களுக்குப் பாதை முன்கூட்டியே போடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே மைக்ரோசொஃப்டின் ஷெயார்பொயின்ட் என்ற பொதுச் சேமிப்பிடத்தில் ஒரு கோரிக்கைப் பட்டியல் வைத்து, அதில் புதிய வரி விழுந்தவுடன், வேலைகளைத் தானாகச் செய்யும் பவர் ஓட்டோமேட் சரியான ஆளுக்கு அனுமதிக் கோரிக்கையை அனுப்பும்படி செய்யத் தீர்மானித்தோம்.

கணினியைத் திறப்பதற்கு முன் கணக்காளர் அக்காவும் நானும் இரண்டு பின்னேரம் பழைய படிவக் கோவைகளோடு உட்கார்ந்தோம். முழு வேலையிலும் பெறுமதியானது அந்த இரண்டு பின்னேரங்கள்தான் என்று இன்றும் நினைக்கிறேன். படிவத்தில் ஐந்து கையெழுத்து இடங்கள் இருந்தன: கேட்பவர், கிளைப் பொறுப்பாளர், நான், இணைப்பாளர், பணிப்பாளர். ஆறு மாதப் படிவங்களைப் புரட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யாருடைய கையெழுத்து ஒரு முடிவை மாற்றியிருக்கிறது என்று தேடினோம். நான் ஒன்றையும் மறுத்ததே இல்லை. விலைக்கோரல் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துச் சைன் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பணிப்பாளரும் சிறிய தொகைகளில் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கவில்லை. உண்மையில் முடிவெடுத்தவர்கள் கிளைப் பொறுப்பாளரும் இணைப்பாளரும்தான்.

ஒரே மாதிரித் தெரியும் ஐந்து கையெழுத்துக்குள் மூன்று வேறு அர்த்தங்கள் இருந்தன. ஒன்று 'நான் தீர்மானிக்கிறேன்'. ஒன்று 'நான் சரிபார்த்தேன்'. மற்றது 'எனக்குத் தெரியும்'. தாளில் இந்த மூன்றையும் பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை. மென்பொருளில் பிரிக்காவிட்டால், தெரிந்துகொள்ள மட்டும் வேண்டியவருக்காகவும் முழு வேலையும் நின்று காத்திருக்கும். தீர்மானிப்பவருக்கு மட்டும் அனுமதிக் கோரிக்கை போக வேண்டும், சரிபார்ப்பது பட்டியலில் ஒரு நிரலாக (மேலிருந்து கீழாக வரும் 'கொலம்') இருக்க வேண்டும், தெரிந்துகொள்பவருக்கு ஒரு மெசேஜ் போதும் என்று எழுதிக்கொண்டோம். 25,000 ரூபாய் வரை இணைப்பாளர், அதற்கு மேல் பணிப்பாளரும்.

பணிப்பாளரிடம் இதைச் சொல்லப் போகும்போது எனக்குப் பயம்தான். கையெழுத்தை எடுத்துவிட்டால் மரியாதை குறைந்தது போல யாருக்கும் தோன்றலாம். அவர் பழைய படிவங்களைத் தானே புரட்டிப் பார்த்தார். "சின்னதுகள் எனக்குத் தெரிஞ்சால் காணும், பெரியதுகளை மட்டும் அனுப்புங்கோ" என்றார். அந்தத் தாள்களைக் கையோடு கொண்டுபோகாமல் வாயால் மட்டும் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா தெரியாது.

அடுத்தது பட்டியல். கிளை உத்தியோகத்தர்களுக்கு விளங்க வேண்டும் என்று நிரல்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன். அது சரியான எண்ணம், செய்த விதம்தான் பிழை. ஷெயார்பொயின்ட் ஒவ்வொரு நிரலுக்கும் உள்ளே ஒரு நிரந்தரப் பெயர் வைத்துக்கொள்கிறது. தமிழில் பெயர் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்துக் குறியையும் ஏழு எழுத்துக் குறியீடாக மாற்றி, 32 எழுத்தோடு வெட்டிவிடும். 'கோரிக்கைத் தொகை', 'கோரிக்கைத் திகதி' இரண்டும் உள்ளே ஏறக்குறைய ஒரே குறியீட்டுச் சரமாக நின்றன, எது எதுவென்று அடையாளம் காணவே முடியவில்லை. முழுவதையும் அழித்து மறுபடி செய்தேன். முதலில் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பெயர் வைத்துச் சேமித்துவிட்டு, அப்புறம் தமிழுக்கு மாற்றினால் உள்ளே பழைய பெயர் அப்படியே இருக்கும், வெளியே தமிழ் தெரியும். தமிழில் பட்டியல் செய்யப் போகிறவர்கள் இந்த ஒன்றை முதல் நாளே செய்யுங்கள், இரண்டு நாள் வேலை மிச்சமாகும்.

வகை நிரலிலும் இப்படி ஒன்று. 'போக்குவரத்து' என்று ஆளாளுக்குத் தட்டச்சுச் செய்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். ஆனால் சில விசைப்பலகைகள் 'போ' வில் உள்ள குறியை ஒரே குறியாகவும், சில இரண்டு துண்டாகவும் இடுகின்றன. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். எழுத விடாமல் தெரிவுப் பட்டியலாக வைத்துவிட்டேன்.

இனி, சொல்ல எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிற பிழைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் தொகையை 25,000/= என்றுதான் எழுதுவோம். அப்படியே எழுத வசதியாக இருக்கட்டும் என்று தொகை நிரலை எழுத்து நிரலாக வைத்தேன். 25000 ஐ விடக் கூடவா என்று ஒப்பிடும் படியில் பிழை காட்டி நின்றது. இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றது. நான் 25000 ஐயும் எழுத்தாக மாற்றிக் கொடுத்தேன். பிழைச் செய்தி போய்விட்டது, நானும் நிம்மதியாகிவிட்டேன்.

எழுத்தாக ஒப்பிடும்போது கணினி தொகையைப் பார்ப்பதில்லை, அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்திலிருந்து பார்க்கிறது. 9,000 ஒன்பதில் தொடங்குகிறது, ஆகவே 25,000 ஐ விடப் 'பெரியது'. 120,000 ஒன்றில் தொடங்குகிறது, ஆகவே 'சிறியது'. படகு இயந்திரங்கள் திருத்த 120,000 ரூபாய்க்கு வந்த கோரிக்கை பணிப்பாளரைத் தொடாமலே இணைப்பாளரின் அனுமதியோடு முடிந்துவிட்டது. காசோலையில் இரண்டாவது கையெழுத்துக்குப் போன இடத்தில்தான் பணிப்பாளர், "இது எனக்கு வரேல்லையே" என்று கேட்டார். செலவு நியாயமானதுதான், யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் எங்கள் ஒழுங்கில் அது ஓட்டை, அந்த ஓட்டையைப் போட்டவள் நான்.

தொகையை அன்றே எண் நிரலாக மாற்றினேன். அதற்குப் பிறகு எதை மாற்றினாலும் பரீட்சைக்கென்று ஐந்து தொகை வைத்திருக்கிறேன்: 9,000, 24,999, 25,000, 25,001, 120,000. ஐந்தும் போக வேண்டிய ஆளிடம் போகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே எல்லோருக்கும் திறப்பேன். '25,000 வரை' என்று எழுதியிருந்தாலும், சரியாக 25,000 என்றால் யார் என்பதைக்கூட அதுவரை நாங்கள் பேசித் தீர்த்திருக்கவில்லை. ஒப்பீட்டுக் குறியைத் தெரிவுசெய்யும் இடத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. காசோலையில் இரண்டு பேர் மையால் கையெழுத்து வைக்கும் வழக்கத்தையும் விடவில்லை. திரையில் அனுமதி வந்துவிட்டதே, ஒருவர் போதாதா என்று கேட்டவர்களுக்கு இந்த 120,000 கதையைத்தான் சொல்வேன்.

அனுமதி கொடுப்பவரின் பெயரை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு தடுமாற்றம் இருந்தது. கேட்பவரின் மேலதிகாரி யார் என்று கணினியே கண்டுபிடிக்கும் வசதி உண்டு. ஆனால் பயனர் விபரத்தில் மேலதிகாரி பெயர் பதியப்பட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். எங்களில் பாதிப் பேருக்கு அந்த இடம் வெறுமையாக இருந்ததால் அவர்களின் கோரிக்கை அந்தப் படியிலேயே பிழையாகி நின்றது. பெயரை ஃப்ளோவுக்குள், அதாவது பவர் ஓட்டோமேட்டில் நாம் போட்டு வைக்கும் படிவரிசைக்குள், நேரடியாக எழுதினால், ஒருவர் லீவில் போகும் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவைக்க வேண்டும். கடைசியில் இன்னொரு சிறிய பட்டியல் செய்தோம். கிளை, அனுமதிப்பவர், அவருக்குப் பதிலாள் என மூன்றே நிரல்கள். ஃப்ளோ ஒவ்வொரு முறையும் அங்கே பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ளும். இணைப்பாளர் கொழும்பு போனால் கணக்காளர் அக்கா ஒரு பெயரை மாற்றிவிடுவார், என்னைத் தேட வேண்டியதில்லை. கேட்பவரும் அனுமதிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் தானாகவே பதிலாளிடம் போகும்படி ஒரு நிபந்தனையும் போட்டோம். இணைப்பாளர் தன் பயண முற்பணத்தைத் தானே அனுமதிக்கும் நிலை அப்படித்தான் நின்றது.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் மிகக் கூட நேரம் செலவழித்தேன். அந்த நான்கு நாளும் யாரும் 'இல்லை' என்று சொல்லவில்லை. பதிலே இல்லாததால்தான் பம்பு நின்றது.

பவர் ஓட்டோமேட்டில் ஓர் ஓட்டம், அதாவது ஒரு கோரிக்கைக்காக ஃப்ளோ ஒரு தடவை ஓடுவது, 30 நாளுக்கு மேல் காத்திருக்காது, அப்படியே முடிந்துவிடும். எங்களுக்கு 30 நாள் எதற்கு? இரண்டு நாளில் பதில் வராவிட்டால் பதிலாளுக்குப் போக வேண்டும் என்று வைத்தோம். நினைவூட்டலுக்கு, அனுமதியை உருவாக்கும் படியையும் பதிலுக்குக் காத்திருக்கும் படியையும் பிரித்து, ஃப்ளோவுக்குள்ளேயே அதற்குச் சமாந்தரமாக ஓடும் இன்னொரு பாதையில் காலையும் மாலையும் ஒரு மெசேஜ் அனுப்பும் சுழற்சி போட்டேன். ஒரு முறை மட்டும் வந்து நின்றுவிட்டது. அந்தச் சுழற்சிக்கு ஒரு மணி நேரம் என்ற எல்லை முதலிலிருந்தே இருக்கிறது, அதை நாம்தான் கூட்ட வேண்டும்.

இரண்டு நாள் என்று வைத்ததில் வெள்ளிக்கிழமைக் கோரிக்கைகள் எல்லாம் ஞாயிறு பின்னேரம் பதிலாளிடம் போய் விழுந்தன. சேருக்கு அது மனவருத்தம், "எனக்கு நேரம் தராமல் பறிச்ச மாதிரி இருக்கு" என்றார். நியாயமான பேச்சு. வியாழன், வெள்ளி என்றால் நான்கு நாள் என்று மாற்றினோம். போயா தினங்களும் மற்ற விடுமுறைகளும் வருடத்துக்கு ஒரு முறை கையால் ஏற்றும் ஒரு பட்டியலில் இருக்கின்றன. இன்னொன்று: நேரம் முடிந்து பதிலாளிடம் போன பிறகும் பழைய கோரிக்கை முதல் ஆளின் தொலைபேசியில் அப்படியே நிற்கும். அவர் அதில் அனுமதி கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது, ஃப்ளோ எப்போதோ தாண்டிப் போய்விட்டது. சேர் அப்படி மூன்று முறை அனுமதி கொடுத்துவிட்டு, நடக்கவில்லையே என்று கேட்டார். இப்போது கைமாறும்போது, இன்ன கோரிக்கை இன்னாரிடம் போய்விட்டது, இதைத் தொட வேண்டாம் என்று அவருக்கு ஒரு மெசேஜ் போகும்.

அவசரம் என்றொரு வகையைத் தனியே வைத்தோம். வெள்ளம், குடிநீர், நோயாளியை ஏற்றுவது போன்றவை மட்டும், 40,000 ரூபாய்க்குள். அது மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் போகும், யார் முதலில் பதில் சொன்னாலும் முடிவு. இங்கே கவனமாக இருக்க வேண்டும்: 'எல்லோரும் அனுமதிக்க வேண்டும்' என்பதற்கும் 'முதல் பதில்' என்பதற்கும் தெரிவு ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. முதல் பதிலில் ஒருவர் மறுத்தாலும் அதுவே முடிவுதான். ஆகவே அவசரக் கோரிக்கையில் சந்தேகம் இருந்தால் மறுக்காமல் மற்றவரோடு கதையுங்கள் என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த நாள் பணிப்பாளர் பார்த்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். அடுத்த மாரியில் மூதூர்த் தம்பி காலை 6.40 க்குப் பம்புக் கோரிக்கை போட்டார். கணக்காளர் அக்கா பஸ்ஸில் வரும் வழியிலேயே 6.52 க்கு அனுமதித்தார். நான் அலுவலகம் வந்து பார்க்கும்போது முதல் கிணறு இறைபட்டுக்கொண்டிருந்த படம் வட்ஸ்அப்பில் வந்திருந்தது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் பதிவில் அந்த அனுமதி அதிகாலை 1.22 என்று இருந்தது. முந்தைய மாதங்களிலும் அப்படித்தான், நான் கவனிக்கவில்லை. ஃப்ளோ நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, அது நம் நேரத்தை விட ஐந்தரை மணி பின்னால் நிற்கும். கடற்கரைக்குப் போகிறவர்கள் விடியப்புறம் 5 மணிக்குக் கோரிக்கை போட்டால் திகதியே முதல் நாளாகிவிடும், வவுச்சரோடு ஒத்துவராது. நேர வலயத்தை மாற்றும் படி ஒன்று இருக்கிறது, அதில் 'ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்' என்று தெரிவுசெய்த பிறகு சரி. இதோடு, ஓட்டங்களின் விபரம் 28 நாள்தான் அங்கே தங்கும். கணக்காய்வாளர் கேட்பது போன வருடத்தை. யார், எப்போது, என்ன குறிப்போடு அனுமதித்தார் என்பதைக் கடைசிப் படியில் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். அப்படித் திருப்பி எழுதும்போது, ஃப்ளோ 'புதிதாகச் சேர்க்கும்போது' மட்டும் தொடங்குகிறதா என்று பாருங்கள். 'மாற்றும்போதும்' என்று இருந்தால், தான் எழுதியதைத் தானே கண்டு மறுபடி தொடங்கும். ஒரே கோரிக்கை பதினான்கு தடவை சேரின் தொலைபேசியில் விழுந்த நாள் எங்களுக்கும் உண்டு.

கிளைகளில் முதலில் விருப்பம் இருக்கவில்லை. குச்சவெளியில் ஒரு மூத்த உத்தியோகத்தர், தாளில் சைன் வாங்கினால்தான் மனதுக்கு நம்பிக்கை என்றார். அவரோடு வாதாடவில்லை. மூன்று மாதம் இரண்டும் நடக்கட்டும், நீங்கள் தாளையும் அனுப்புங்கள் என்றேன். அனுமதி கிடைத்துப் பொருளும் வாங்கி முடிந்த பிறகு தாள் வாகனத்தில் வந்து சேர்வதை இரண்டு மூன்று தடவை பார்த்ததும் அவரே விட்டுவிட்டார். சிக்னல் இல்லாத இடங்களில் நிற்பவர்கள் கிளைக்குத் தொலைபேசியில் சொல்ல, அங்கிருப்பவர் அவர்களுக்காகப் போடுகிறார். யார் உண்மையில் கேட்டது என்பதற்கு அதற்காகவே ஒரு நிரல் வைத்திருக்கிறோம்.

ஒரு விடயத்தில் மட்டும் நேரத்தோடு விழித்துக்கொண்டேன். முழு ஃப்ளோவும் என் சொந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நிறுவனத்தில் முன்பு ஒருவர் செய்து வைத்த ஒரு சிறிய ஃப்ளோ, அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு மூடியவுடன் நின்றுபோனதைப் பார்த்திருந்தேன். இன்னொருவரைக் கூட்டு உரிமையாளராகச் சேர்த்தாலும், ஃப்ளோ பட்டியலையும் டீம்ஸையும் தொடுவதற்கான இணைப்புகள் அதைச் செய்தவரின் கணக்கிலேயே தங்கியிருக்கும். ஆகவே அலுவலகத்தின் பெயரில் தனிக் கணக்கொன்று எடுத்து, எல்லா இணைப்பையும் அதற்கு மாற்றினேன். எந்தப் படி எதற்கு என்று தமிழில் எழுதிய ஒரு கொப்பி இரும்பு அலுமாரியில் இருக்கிறது. கணக்காளர் அக்காவையும் குச்சவெளித் தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தங்கச்சிதான் போன கிழமை கேட்டாள், வாகனக் கோரிக்கையையும் இதிலேயே போடலாமா என்று. ஆறு மாத வாகனப் படிவங்களைக் கோவையிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை பின்னேரம் மூன்று பேரும் உட்காருகிறோம்.